பௌர்ணமியில் வைத்த மாநாடு

பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகாத என் அன்பானவருக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது, நிறுத்திக்கொள்கிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் நீங்கள் விட்டுப்போன மீன்களின் வம்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எது எதனுடைய பேரன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தமிழில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படுவீர்கள். ஆராய்ச்சிப் படிப்புக்காக நீங்கள் காசியில் இருந்த காலத்தில் உங்கள் கடிதங்கள் தமிழில் வரும். நான் ஆங்கிலத்தில் பதில் போடுவேன். கான்வென்டில் படித்தவள் என்பதைக் கணவனுக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் ஒரு முறையாவது "தமிழில் எழுதேன்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி இந்த வயதில்தான் எனக்குள் எழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

இந்தக் கடிதம் நம் சங்கப் பிரிவின் செய்தி மடலில் அச்சாகப் போகிறது. உங்கள் மாணவி பூங்காவனம்தான் கேட்டாள். "அம்மா, இந்த இதழ்ல சாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் நிற்கவில்லை. அதனால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களும் படித்துத்தான் ஆக வேண்டும். நான் செய்த காரியம் அப்படி.

உங்களைத் தெரியாத புது உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. மீன், தவளை, ஓணான், மனிதன் என்று எல்லா உயிர்களின் நாளமில்லாச் சுரப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் படிப்பு உங்களுடையது. அதற்கு நாடு முழுவதும் ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்கு நம் வடமாவட்டங்களில் ஒரு பிரிவு. அதை நம் வீட்டு முன்னறையில், நாலைந்து ஆசிரியர்களை உட்கார வைத்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டே நீங்கள் தொடங்கினீர்கள். தெருவில் எல்லோரும் உங்களைச் சர்க்கரை டாக்டர் என்று நினைத்து வைத்தியம் கேட்டு வருவார்கள். "எனக்கு மனுஷங்களப் பத்தித் தெரியாதுங்க. ஓணானுக்குச் சர்க்கரை வந்தா கூட்டிட்டு வாங்க" என்பீர்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

செய்தி மடலைத் திருத்துவது என் வேலை. அதை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவளுக்கு, கண்ணில் பட்ட தாளைத் திருத்தாமல் விட முடியாது. நீங்கள் போன பிறகும் அது நிற்கவில்லை. பூங்காவனம் செயலாளர் ஆனாள். நான் அதே நாற்காலியில், அதே சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். பூங்காவனம் இப்போது உங்கள் கல்லூரியிலேயே விலங்கியல் விரிவுரையாளர். அடி அண்ணாமலையில் அவள் அண்ணன்கள் இன்னும் நிலக்கடலை போடுகிறார்கள். அவள் மகன் பொறியியல் படிக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. உங்கள் மாணவியின் தலை நரைத்தால் நமக்கு எவ்வளவு வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி இத்தோடு முடிந்தது.

பிரிவு மெலிந்துவிட்டது. பழையவர்கள் ஓய்வு பெற்றார்கள், சிலர் உங்கள் பக்கமே வந்துவிட்டார்கள். புதிதாய்ச் சேருகிறவர்கள் கம்மி. போன வருடம் சங்கத் தலைவர் சென்னையிலிருந்து பேசினார். மரியாதையாகத்தான் சொன்னார். "வர்ற வருஷம் ஒரு மாநாடு உருப்படியா நடத்திக் காட்டுங்க மேடம். ஆளுங்க வந்தா பிரிவு இருக்கட்டும். வரலைன்னா சென்னையோட சேத்துடலாம், எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம்." நீங்கள் முன்னறையில் தொடங்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் மூட்டை கட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றே பூங்காவனத்தை வரச் சொன்னேன். மாநாடு நம் ஊரில், பிப்ரவரிக் கடைசி வாரம், வெள்ளியும் சனியும் என்று முடிவு செய்தேன். அந்த வாரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காசியில் உங்களோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த நண்பர் அப்போதுதான் சென்னையில் மகள் வீட்டுக்கு வருகிறார். அங்கிருந்து மார்ச் தொடக்கத்தில் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறார். அதன் பிறகு அங்கேயே தங்கிவிடுவதாகப் பேச்சு. அவரை இங்கே அழைத்து, உங்கள் நினைவில் தொடக்க உரை ஆற்ற வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பூங்காவனம் தேதியைக் குறித்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, "அம்மா, எதுக்கும் ஒரு வாட்டி பஞ்சாங்கம் பாத்துடலாமா?" என்றாள்.

"இது என்ன கல்யாணமா, காதுகுத்தா? விஞ்ஞானிங்க கூடற இடத்துக்கு ராகு காலம் பாக்கணுமா? உங்க சார் இருந்தா சிரிப்பாரு" என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டாள். அறிவிப்பு அச்சாகிப் பல ஊர்களுக்குப் போயிற்று.

நீங்கள் இருந்த காலத்தில் பௌர்ணமி என்றால் மலையைச் சுற்றப் போகிறவர்கள் போவார்கள், வருவார்கள். நம் தெரு தூங்கிவிடும். இப்போது அப்படி இல்லை. இந்தச் சில வருடங்களில் ஊரே மாறிவிட்டது. மாதம் ஒரு நாள் எங்கெங்கிருந்தோ சனம் வந்து இறங்குகிறது. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். செங்கம் சாலையில் எதிர்த்திசையில் நாலு அடி வைக்க முடியாது. நம் வாசற்படியில் யாராவது உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். அது எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டிப் பார்த்ததே இல்லை. வெளியே சத்தம் கேட்டால் பௌர்ணமி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அறை பிடிக்க, ரமணாசிரமம் பக்கத்தில் இருக்கும் விடுதிக்கு நானே போனேன். குளியலறையைக் கண்ணால் பார்க்காமல் நான் யாரையும் எங்கும் தங்க வைப்பதில்லை. மேலாளரிடம் தேதியைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது.

"மேடம், அன்னிக்குப் பௌர்ணமியாச்சே. வெள்ளி ராத்திரி ஆரம்பிச்சு சனிக்கெழமை முழுக்க. ரூம் எல்லாம் எப்பவோ போயிடுச்சு. எங்க வராந்தாவுக்குக் கூட ஆள் இருக்குது."

நான் நின்றேன். அவர் என் தடுமாற்றத்தைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, இன்னொன்றும் சொன்னார். "அதான் போன மாசமே பூங்காவனம் மேடம் வந்து கேட்டுட்டுப் போனாங்களே. உங்ககிட்ட சொல்லலிங்களா?"

போன மாதமே. அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆட்டோவில் ஏறி நேரே அச்சகத்துக்குப் போனேன். அச்சகம் நடத்தும் கோதண்டத்தை உங்களுக்கு நினைவிருக்கும்; பிழை திருத்த நான் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவானே, அவன்தான். இப்போது அவனுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நாற்காலியைத் துடைப்பது மட்டும் மாறவில்லை.

"கோதண்டம், அறிவிப்பு அடிச்சியே, அன்னிக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மாசிப் பௌர்ணமி."

"தெரிஞ்சுமா அடிச்சே?"

"நீங்க போட்ட தேதிம்மா. ஏதோ கணக்கு வெச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லன்னாலும் உங்ககிட்ட யாரும்மா சொல்றது?" என்றான்.

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னான். திரும்பி வரும்போது ஆட்டோ ஓட்டுகிறவரிடமும் கேட்டுவிட்டேன். அவருக்கும் தெரியும், மூன்று வாரம் முன்பு கல்லூரி ஆசிரியர் ஒருவரை ஏற்றிச் சென்றபோது அவர் சொல்லிச் சிரித்தாராம். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று உறைத்தது; அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நீங்கள் வேங்கிக்கால் ஏரிக்கரையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வலையோடு போய் உட்காருவீர்கள். நிலா வெளிச்சம் மீனின் மூளைக்குள் இருக்கும் அந்தச் சிறு சுரப்பிக்குத் தெரிகிறதா என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அந்தக் கட்டுரைகளையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். பௌர்ணமி என்ற சொல்லை என் விரல்கள் அடித்த அளவுக்கு இந்த ஊர்ப் பஞ்சாங்கக்காரர் கூட எழுதியிருக்க மாட்டார். நீங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதைப் பார்த்து நான் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு அது நிலாவின் அட்டவணை. எனக்கு அது படிக்காதவர்களின் புத்தகம். மீனுக்குத் தெரியுமா என்று நீங்கள் தேடியதை, உங்கள் மனைவிக்குத் தெரிவிக்க ஒரு விடுதி மேலாளர் வேண்டியிருந்தது.

இவ்வளவு நடந்த பிறகாவது நான் பூங்காவனத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. தவறு என்னுடையது, சரி செய்வதும் நானாகவே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை நேர்மை என்று நினைத்தேன். சென்னைக்குத் தொலைபேசி போட்டு, "தேதி தப்பாகிவிட்டது. தப்பு என்னுடையது. ஒரு வாரம் தள்ளி, மார்ச் முதல் வாரம் வைக்கிறோம்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர், "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றார். காசி நண்பர் அதற்குள் விமானம் ஏறியிருப்பாரே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எப்படியாவது அவரை இரண்டு நாள் இருக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று மனம் லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை பூங்காவனம் வந்தாள். தலைவர் அவளிடம் பேசியிருக்கிறார். வாசலிலேயே நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை.

"அம்மா, ஒன்னு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இதாம்மா. நீங்க 'சொல்லு'ன்னு சொல்றதைக் கேட்டாலே பாதிப் பேருக்குத் தொண்டை அடைச்சுக்குது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

"தேதியை வுட்டுத் தள்ளுங்க. அந்தத் தப்பு யாருக்கும் வரும். அதை நீங்களே போய் மாத்திட்டீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. மார்ச் மொத வாரம் எல்லாக் காலேஜ்லயும் பிராக்டிகல். ஒரு பையன் வரமாட்டான், ஒரு வாத்தியார் வரமாட்டார். யாரை வெச்சு மாநாடு நடத்தப் போறோம்? மேடையில நீங்க, கீழ நானா?"

"பௌர்ணமின்னு தெரிஞ்சப்பவே நீ என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! பஞ்சாங்கம் பாத்துடலாமான்னு கேட்டேனே. காதுகுத்தான்னு கேட்டீங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது? சொன்னா கோவிச்சுப்பீங்க. கோவிச்சுக்கிட்டா மடல் நின்னுடும். மடல் நின்னா பிரிவுல என்ன இருக்குது? நான் எப்படியாச்சும் சமாளிச்சுடலாம்னு பாத்தேன்."

எப்படிச் சமாளிக்கப் பார்த்தாள் தெரியுமா? வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசி வைத்திருக்கிறாள். அடி அண்ணாமலையில் அண்ணன்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் வெளியூர் ஆசிரியைகளைத் தங்க வைக்க ஏற்பாடு. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஆட்களை ஏற்றிவர, பால் கொண்டுபோகும் வேனைக் கேட்டிருக்கிறாள். விஞ்ஞானிகள் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து மாநாட்டுக்கு வந்திருப்பார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு தவற்றை என்னிடம் சொல்வதைவிட, ஒரு ஊரையே புரட்டிப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வி என் வாயில் வந்துவிட்டது. "பூங்காவனம், உங்க சாரும் இப்படித்தானா? என்கிட்ட சொல்லாம வுட்டுட்டுப் போயிடுவாரா?"

அவள் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்னம்மா தெரியும் உங்க ரெண்டு பேரு விஷயம்" என்றாள். பிறகு, "அந்த அரை நாள் விஷயம் மட்டும் தெரியும்" என்றாள்.

எனக்கும் தெரியும். ஒரு மாநாட்டுத் திட்டத்தில் நீங்கள் கடைசியில் ஒன்று சேர்த்திருந்தீர்கள்: மீன் வளர்ப்பவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரை நாள், முழுக்கத் தமிழில். நான் அதை வாசித்துவிட்டு, "ஹார்மோனைத் தமிழ்ல பேசினா லேகியம் விக்கிற கூட்டம்னு நெனச்சுடுவாங்க" என்று சொல்லிக் கோடு போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு லேப்ல நாங்கள்லாம் எப்பங்க சார் அந்தக் கூட்டம்னு கேட்டோம்" என்றாள் பூங்காவனம். "மேடம் ஒத்துக்கல, வுடுங்கன்னாரு. எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒடனே, 'இல்ல, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்குது'ன்னாரு. ஆனா அந்தப் பேப்பரை ரொம்ப நாள் மேசையிலயே வெச்சிருந்தாரும்மா."

என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. என்னைத் திட்டியிருந்தால் இன்று உங்களோடு சண்டை போட்டுக்கொண்டாவது இருப்பேன்.

இன்னும் என்னென்ன? ஒரு முறை சென்னைக்கு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்றீர்களே, அது உங்கள் முடிவா? மாடியில் அறை கட்டும்போது ஜன்னல் மலைப் பக்கம் வேண்டும் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டீர்களே, நான் என்ன முகம் காட்டினேன்? நம் பெண் விலங்கியல் எடுக்காமல் கணக்கு எடுத்தபோது உங்களுக்கு வருத்தமே இல்லையா? நான் திருத்திய உங்கள் கட்டுரைகளில், நான் அழகாக்கியதாக நினைத்துப் பொருளைக் கெடுத்த இடங்கள் எத்தனை? அவற்றை எனக்குத் தெரியாமல் அச்சகத்தில் போய் மாற்றிக்கொண்டீர்களா? கோதண்டத்திடம் கேட்கலாம். கேட்டால் அவன் நாற்காலியைத் துடைப்பான்.

இனி, மாநாட்டுக்கு வருகிறேன். பூங்காவனம் சொன்னாள்: பௌர்ணமிக்கு முந்தின வாரம், வியாழனும் வெள்ளியும். கல்லூரி அரங்கம் கிடைக்கும், அறை கிடைக்கும், தேர்வு இல்லை, ஆட்கள் வருவார்கள்.

"அப்போ அவரோட நண்பர்?" என்றேன். "அவர் மெட்ராசுக்கு வர்றதே அதுக்கு அடுத்த வாரம்தானே?"

"தெரியும்மா. அவர் வரமுடியாது."

"அவருக்காகத்தானே இந்தத் தேதியே வெச்சேன்."

"அதுவும் தெரியும். பௌர்ணமி அன்னிக்கு வெச்சா அவர் வருவாரு, வேற யாரும் வரமாட்டாங்க. மின்னாடி வெச்சா எல்லாரும் வருவாங்க, அவர் வரமாட்டாரு. எனக்கு ஆளுங்க வேணும்மா. பிரிவு இருக்கணும். இதுல நீங்க என்னை மன்னிக்கணும், நான் வுட்டுக்குடுக்க முடியாது."

அவள் குரல் நடுங்கியது. பின்வாங்கவில்லை. என்னிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நம் பெண்கூடப் பேசியதில்லை. எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்க மாட்டேன். செயலாளர் பதவியை நீ விட்டுவிடு, நானே நடத்திக்கொள்கிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் தேர்ந்தெடுத்தால் உங்கள் நண்பரைத்தான் தேர்ந்தெடுப்பேன். என்னைத் தவிர, உங்களை இளைஞனாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் மிச்சம். அவர் வாயால் உங்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை, பிரிவைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரியது. அதை அன்றுதான் நானும் தெரிந்துகொண்டேன்.

"சரி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

சென்னைக்கு அவளே பேசினாள், நம் வீட்டு போனிலிருந்தே. நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். தலைவர் இரண்டாவது முறை தேதி மாறுகிறதே என்று ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க சார், மாறுது. இனிமே மாறாது. நான் சொல்றேன்" என்றாள். நான் சொல்வதைவிட அவள் சொன்னதில் உறுதி ஜாஸ்தியாக இருந்தது.

உங்கள் நண்பரிடம் நான் பேசினேன். அந்த வேலையை அவளிடம் தள்ளவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "நிலாவைத் துரத்தியவன் வீட்டிலா இந்தத் தப்பு!" என்றார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் நின்றதும், "இனி அந்தப் பக்கம் வருவேன் என்று தோன்றவில்லை, பாபி. அவன் ஊரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றிருந்தேன்" என்றார். பாபி என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணி. எப்படியாவது அவரை வேறொரு நாள் இங்கே கூட்டி வருவதாக நான் சொல்ல முயன்றேன். மாநாடு என்பதால்தான் மருத்துவரும் மகளும் அரைமனதாகச் சம்மதித்திருந்தார்களாம்; அதுவும் இல்லையென்றால், விமானம் ஏறும் வரை வேறு அலைச்சல் கூடாது என்கிறார்களாம். போனை வைத்தபோது எனக்கு உங்கள் முகத்தை நினைத்துப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. தேதியை மாற்றலாம், அறிவிப்பைத் திரும்ப அடிக்கலாம். இதை என்ன செய்வது? பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் புரட்டியிருந்தால், அவர் வரும் நாளையும் ஆட்கள் வரும் நாளையும் ஒத்துப்போக வைக்க ஆரம்பத்திலேயே அவரிடம் பேசியிருக்கலாம். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பேசியிருக்கலாம்.

உங்களிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நம்புவதா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

மாநாட்டுத் திட்டம் தயார். முதல் நாள் ஆய்வுக் கட்டுரைகள். வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் நெட் சென்டரில் இடம் பிடித்து, வந்த மின்னஞ்சல்களுக்கெல்லாம் பூங்காவனம் பதில் போடுகிறாள். இரண்டாம் நாள் மதியம், அரை நாள், தமிழில். மீன் பண்ணை வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் வருகிறார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது, தைராய்டு சுரப்பிக்கு அதில் என்ன வேலை என்று பூங்காவனம் பேசுகிறாள். உங்கள் நினைவு உரை என்று அதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். "நாங்கதான். உங்ககிட்ட கேக்கல" என்றாள். இப்போது அவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது.

ஆட்கள் வருவார்களா, பிரிவு பிழைக்குமா, எனக்குத் தெரியாது. தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலைகளை எண்ணுவார். எண்ணட்டும்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அரை நாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கையில் பென்சில் இருக்காது. யாராவது என்னிடம் வந்து, நீங்கள் செய்தது தவறு என்று சொன்னால், அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பேன். இந்த வயதில் பழகுவது கஷ்டம்தான். ஆனால் நான் பழகித்தான் ஆக வேண்டும். இன்னும் கொஞ்ச காலத்தில் நான் உங்களிடம் வரப் போகிறேன். அப்போது இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பாதீர்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

உங்கள் மனைவி,
வசந்தா
திருவண்ணாமலை